வான்கோவின் ஓவேர் தேவாலயம்: சுவர் ஏன் இப்படி நெளிகிறது?

புதுத்தூரிகை:
மூன்று வாரமாக இந்தப் படத்தைப் பார்த்து அக்ரிலிக்கில் வரைந்துகொண்டிருக்கிறேன். ஸ்கேல் வைத்துச் சுவரையும் கூரையையும் நேராகப் போட்டால் கல்யாண மண்டபம் மாதிரி நிற்கிறது. அவர் படத்திலோ கூரை விளிம்பெல்லாம் நெளிகிறது, கட்டடம் மட்டும் விழவில்லை. அவருக்கு நேர்கோடு வராதா? இன்னொன்று, தரையில் வெயில், வானம் மட்டும் ராத்திரி போலக் கருநீலம். இது எந்த நேரம்?

சும்மா_ஒருவன்:
மனநிலை சரியில்லாதபோது வரைந்தது, அதான் அப்படி.

கரித்துண்டு:
எதற்கெடுத்தாலும் இதே பதில்! 1882லேயே ஹேக் நகரில், நூல் கட்டிய மரச்சட்டம் செய்வித்து, அதன் வழியாகப் பார்த்துப் பார்த்து அளவு பழகியவர் அவர். இந்தப் படம் 1890 ஜூன். தங்கைக்கு எழுதிய கடிதத்தில் வானம் சுத்தமான கோபால்ட் நீலம், ஜன்னல்கள் அல்ட்ராமெரின் நீலத் திட்டுகள், கூரை ஊதாவும் கொஞ்சம் ஆரஞ்சும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். வெயில் பட்டு இளஞ்சிவப்பான மணலையும் சொல்கிறார், ஆக பகல்தான். நேரத்தைக் காட்டவா அந்த நீலம்? ஊதாக் கட்டடம் எடுப்பாகத் தெரியத்தான் என்பது என் கணிப்பு.

வழிப்போக்கன்:
பாரிஸிலிருந்து ஒருமுறை இந்தத் தேவாலயம் இருக்கிற ஓவேர் ஊருக்குப் போயிருந்தேன். அவர் நின்று வரைந்த இடத்தில் படத்தின் நகலைப் பலகையில் வைத்திருக்கிறார்கள். நிஜக் கட்டடம் கனமான கல், சுவரெல்லாம் நேர்தான். பின்பக்கத்திலிருந்து வரைந்திருக்கிறார், அதனால் வாசலே தெரியாது. பாதை இரண்டாகப் பிரிந்து கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது, இடது பக்கம் ஒரு பெண் முதுகைக் காட்டி நடக்கிறாள். அந்தப் பாதையின் வளைவையும் கூரையின் நெளிவையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டும் ஒரே கை ஓட்டம். நீங்கள் கட்டடத்தில் ஆரம்பித்தது தப்பு, பாதையில் ஆரம்பியுங்கள்.

புதுத்தூரிகை:
சரி, ஸ்கேலைப் பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலேயே போட்டாச்சு. கோபால்ட் ட்யூப் விலை கேட்டால் மயக்கம் வருகிறது, அல்ட்ராமெரினை வைத்துச் சமாளிக்கலாமா?

கரித்துண்டு:
அல்ட்ராமெரின் ஊதாப் பக்கம் சாயும், கட்டடத்தோடு கலந்துவிடும். அந்த ஊதாவைக் குறைக்க, பச்சைப் பக்கம் சாயும் தாலோ நீலம் ஊசிமுனை அளவு சேருங்கள். கொஞ்சம் கூடினாலும் தட்டு பூராவும் அதுதான்.