கலிபோர்னியாவில் பூக்கும் ஆஷ் புதரைப் பார்த்தவர்கள் உண்டா?

வணக்கம் நண்பர்களே. ஆஷ் (ash) மர வகையைச் சேர்ந்த ஃபிராக்சினஸ் டைபெட்டலா என்ற புதரை அது இயல்பாக வளரும் இடத்திலேயே பார்த்துப் படமெடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பல ஆஷ் இனங்களின் பூக்களுக்கு இதழே கிடையாது. மகரந்தம் பரவக் காற்றையே நம்பியிருப்பவை. இதற்கோ வெள்ளை வெளேரென்று இரண்டே இதழ்கள், கொத்துக் கொத்தாகத் தொங்கும், நறுமணமும் உண்டு. மல்லிகைக் குடும்பம் அல்லவா!

கலிபோர்னியா மலையடிவாரச் சரிவுகளில், ஓக் மரங்களுக்கும் சாப்பரல் எனப்படும் வறண்ட நிலத்து அடர்ந்த புதர்களுக்கும் நடுவே வளர்கிறது. வசந்தத்தில் எந்த மலைப்பாதையில் போனால் எளிதாகக் கண்ணில் படும்? பூ உதிர்ந்தபின் வெல்வெட் ஆஷ் என்ற மற்றோர் ஆஷ் இனத்திலிருந்து எப்படிப் பிரித்தறிவது? இளங்கிளைகள் உருண்டையாக இல்லாமல் நான்கு பக்கங்களுடன் இருக்கும் என்று தெரியும். முதிர்ந்த செடியில் எதைப் பார்ப்பீர்கள்? இலையும் சிறகுள்ள காயும் தெளிவாகத் தெரியும் படங்கள் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.