பேரனுடன் ஹாலோவீன் விழாவுக்குப் போகலாமா?

மண்டபம் ஓய்வாசிரியை:
அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் நடுவில் நியூஜெர்சியில் உள்ள மகள் வீட்டுக்குப் புறப்படுகிறேன். ஹாலோவீனுக்கு முந்திய சனிக்கிழமை மாலை அவ்வூர் நகராட்சி, பூங்காவில் எல்லாருக்கும் இலவசமாக ஒரு விழா நடத்துகிறதாம். தான் எலும்புக்கூடாகவும் அம்மாச்சி சூனியக்காரியாகவும் வேடமிட்டுப் போக வேண்டும் என்று ஆறு வயதுப் பேரன் தொலைபேசியில் அடம்பிடிக்கிறான். என் கணவர் காலமாகி மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. இந்த மகாளய அமாவாசையன்று அக்னி தீர்த்தத்தில் என் மகன் தர்ப்பணம் செய்தபோது, எள்ளும் தண்ணீரும் அவன் கட்டைவிரல் வழியே வழிந்ததைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதே கண்ணோடு பேய் வேடங்களுக்கு நடுவே போய் நிற்க மனம் ஒப்பவில்லை. குழந்தையின் ஆசையைத் தட்டவும் முடியவில்லை. இது பேய் வழிபாடுதானா? நாங்கள் சைவம் என்பதால், அங்கே தரும் மிட்டாய்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

தங்கச்சிமடத்துக்காரன்:
டீச்சர், வணக்கம். அந்த மாநிலத்தில்தான் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் பெருவிழா. அதற்கு முந்திய மாலை என்பதுதான் ஹாலோவீன் என்ற பெயரின் பொருள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், கடற்காற்றில் அணைந்து அணைந்து போகும் மெழுகுவர்த்தியை உள்ளங்கையால் மறைத்துத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருப்பார் என் அப்பா. உங்கள் எள்ளுந்தண்ணீருக்கும் அந்த மெழுகுவர்த்திக்கும் இடையே எனக்குப் பெரிய தூரம் தெரியவில்லை. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளில் இறந்தோர் வந்துபோவார்கள் என்று பழைய அயர்லாந்து மக்கள் நம்பினார்கள். அந்த வழக்கமும் இதில் கலந்திருக்கிறது. அவர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள்; அமெரிக்காவில் குடியேறியபின் அது பூசணியாயிற்று. புதுவீட்டு வாசலில் திருஷ்டிக்காக மீசையும் பல்லும் வரைந்த பூசணிக்காயைத் தொங்கவிடும் நமக்கு அந்த முகம் புதிதன்று.

பூங்காவில் பூசையோ சடங்கோ எதுவும் நடக்காது. வரிசையாக மேசைகள் போட்டிருப்பார்கள். குழந்தை பையை நீட்டி 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்றால் மிட்டாய் போடுவார்கள். பையை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஆறு மணியை ஒட்டி இருட்டிக் குளிரத் தொடங்கிவிடும். ஆகவே உள்ளே கம்பளி போட இடம் இருக்கும்படி வேடத்தை ஓர் அளவு பெரிதாக வாங்கச் சொல்லுங்கள். கண்ணை மறைக்கும் முகமூடியைவிட முகத்தில் சாயம் தீட்டுவது நல்லது. முகமூடியோடு ஓடி விழுந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பேய் வேடம் கட்டாயமுமில்லை. ஒரு முறை என் மகளை நம் பழைய பாம்பன் ரயில் பாலமாகவே அனுப்பினோம்: அட்டைப் பாலத்தின் இரு பாதிகளையும் அவள் கைகளில் கட்டிவிட்டோம், கைகளை உயர்த்தினால் கப்பலுக்கு வழி திறக்கும். 1914இல் திறந்த பாலம் என்று வந்தவர்க்கெல்லாம் அவளே விளக்கிச் சொன்னாள்.

கீழக்கரைச் சகோதரி:
அக்கா, மிட்டாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மெல்லும்போது இழுபடும் பல மிட்டாய்களிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். அது பன்றி, மாடு போன்றவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. உங்களுக்கும் ஆகாது, எங்களுக்கும் ஆகாது. வீட்டுக்கு வந்து உறையில் உள்ள சேர்மானங்களைப் படித்துப் பார்த்த பிறகே கொடுங்கள். உறை பிரிந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். நாங்கள் அங்கே இருந்த ஆண்டுகளில் மார்க்கம் கருதி அந்த விழாவுக்குப் போகவில்லை. அதற்காக அக்கம்பக்கத்தார் எவரும் எங்களைக் குறைவாக எண்ணவில்லை. மனம் ஒப்பாவிட்டால் நீங்களும் தயங்காமல் மறுக்கலாம்.

பாம்பன் வாசகர்:
குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நம் பகுதியிலிருந்தும் மாலை போட்டுப் போகிறார்கள். காளி, குறவன், குரங்கு என்று வேடம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை வாங்குகிறார்கள். அது நேர்த்திக்கடன், விரதத்தோடு செய்வது, இது விளையாட்டு. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேடம் கட்டிய பிள்ளையைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

மண்டபம் ஓய்வாசிரியை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எனக்கு வேடம் வேண்டாம். சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவனோடு போகிறேன். நேற்றிரவு பாலத்தைப் பற்றிச் சொன்னதும் பேரன் எலும்புக்கூட்டை விட்டுவிட்டான். ஆனால் அவனுக்குப் பழைய பாலம் வேண்டாமாம்; 2025இல் திறந்த, நடுப்பகுதி அப்படியே மேலே எழும் புதிய பாலம்தான் வேண்டுமாம். அதை அட்டையில் எப்படிச் செய்வதென்று தங்கச்சிமடத்துத் தம்பி சொன்னால் உதவியாக இருக்கும்.