ஒயில் சம்ப் மரை: புதுப்பிப்பு

ரொயோட்டா வாகனத்தின்ர ஒயில் நட் (பழைய ஒயிலை வடிக்கக் கழட்டுறது) இறுகாமல் சும்மா சுத்துது, சம்பின்ர (எஞ்சினுக்குக் கீழ ஒயில் நிக்கிற தட்டு) மரை தேஞ்சுபோச்சு எண்டு முந்தி எழுதியிருந்தன். இப்ப சரி.

கனபேர் சொன்ன, தானாய் மரை வெட்டுற பெரிய நட்டை நான் போடேல்லை. சம்ப் அலுமினியம், கோணலாய் ஏறினால் வெடிச்சிடும். காங்கேசன்துறை வீதியில லேத் பட்டறை வைச்சிருக்கிற அண்ணை, சம்பைக் கழட்டாமலே, ராப்பில (மரை வெட்டுற ஆயுதம்) கிறீஸ் அப்பி, அரைச்சுத்து முன்னுக்கு, கால்சுத்து பின்னுக்கு எண்டு பொறுமையாய்ப் புது மரை வெட்டினார். அலுமினியத் தூள் கிறீஸோட மினுமினுத்துக்கொண்டு வந்துது. பிறகு லொக்ரைற் (மரை கழராமல் பிடிக்கிற பசை) பூசி, உள்ளுக்கும் வெளியிலயும் மரை உள்ள இரும்புப் புஷ் இறக்கினார். உள்மரை 12 மில்லிமீற்றர், மரைக்கு மரை 1.25 மில்லிமீற்றர் இடைவெளி, பழைய நட்டே பூட்டுது.

பூட்ட முதல் கொஞ்சம் புது ஒயில் ஊத்தி வடிய விடுங்கோ, மிச்சத் தூள் போயிடும். வாஷரும் புதுசு போடவேணும். ஒரு சொட்டும் ஒழுகேல்லை. அந்த அண்ணைக்கு உண்மையாவே தங்கக் கை.