1994 மியாட்டா: கியர் லீவர் ஆடுகிறது, ஷார்ட் ஷிஃப்டர் போடலாமா?

கேள்வி:
வணக்கம். என் வண்டி 1994 மாஸ்டா மியாட்டா, 1.8 லிட்டர், 5 கியர். கியர் போட்ட பிறகும் லீவர் லொடலொடவென்று ஆடுகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் கடகடவென்று சத்தம் வேறு. லீவரைச் சுற்றியுள்ள கன்சோலுக்குள்ளிருந்து சூடான காற்றும் எண்ணெய் வாடையும் வருகின்றன. காலையில் 2வது கியர் விழவே அடம்பிடிக்கிறது. கை நகரும் தூரத்தைக் குறைக்கும் லீவரான ஷார்ட் ஷிஃப்டர் வாங்கி வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். சரியா?

பதில்:
அவசரப்படாதீர்கள். சூடும் வாடையும் உள்ளே வருகிறது என்றால் லீவரைச் சுற்றிக் கீழே இருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருக்கும். லீவரின் அடிக்குமிழில் ஒரு நைலான் புஷ் (தொப்பி போன்ற சிறு உறை) உண்டு, அது தேய்ந்தால்தான் இந்த ஆட்டமும் சத்தமும். அப்புறம் முக்கியமான விஷயம், லீவர் உட்காரும் டரட்டுக்குள் தனியாகக் கொஞ்சம் ஆயில் இருக்கும், கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றினாலும் இது மாறாது, அதனால் பல பழைய வண்டிகளில் கவனிப்பாரில்லாமல் வற்றிக் கிடக்கும்.

நியூட்ரலில் வைத்து, நாபைத் திருகி எடுத்து, கன்சோலைக் கழற்றுங்கள். மேல் ரப்பர் உறைக்கு 4 போல்ட், லீவருக்கு 3. திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், ஒரு துகள்கூட உள்ளே விழக்கூடாது. லீவரைத் தூக்கியதும் நுனியில் புஷ் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது உள்ளேயே நிற்கிறது, உடைந்த துண்டு உட்பட அத்தனையையும் எடுத்தாக வேண்டும். பழைய ஆயிலை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு 75டபிள்யூ-90 கியர் ஆயில் புதிதாக ஊற்றுங்கள், 100 மில்லிக்குள் போதும்.

இன்னொரு பதில்:
ஷார்ட் ஷிஃப்டர் நல்ல சாமான்தான், ஆனால் கை நகரும் தூரம் குறைந்தால் தள்ளும் பலம் கூடும். ஏற்கெனவே அடம்பிடிக்கும் 2வது கியரை அது இன்னும் முரடாக்கும். குளிரில் 2வது கொஞ்சம் இறுகுவது இந்த வண்டிக்குப் பழக்கம்தான், பாக்ஸ் ஆயிலையும் மாற்றிப் பாருங்கள். ரிவர்ஸ் போடும்போது கரகரவென்றால் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் திரவ அழுத்தத்தால் கிளட்ச்சை விடுவிக்கும் பாகம்) கசிகிறதா என்று பாருங்கள், அது இதில் அடிக்கடி போகும்.

கேட்டவர்:
திறந்துவிட்டேன். கீழ் பூட் சுற்றிலும் பிளந்து கிடக்கிறது, டரட்டில் கரிய பசைதான் மிச்சம், புஷ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பிறை மாதிரி இருக்கிறது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. இரண்டு பூட், புஷ் எல்லாம் சேர்ந்த கிட் ஆர்டர் போட்டாயிற்று. பழைய லீவரையே மாட்டலாமா?

பதில்:
தாராளமாக. குமிழில் வரி விழாமல் இருந்தால் போதும். புது புஷ்ஷை உள்ளே போடாமல் லீவரில் அழுத்தி மாட்டி இறக்குங்கள், கன்சோலை மூடும் முன் 5 கியரும் ரிவர்ஸும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.