வாவிக்கரை வீட்டார் குழு, வெள்ளி இரவு

சுதா (9.12): யாராவது முழித்திருக்கிறீங்களா? நேற்று 1981இல் வந்த 'பாடி ஹீட்' என்ற ஹொலிவூட் படம் பார்த்தேன். இந்த வெக்கைக்கு அதைப் போட்டிருக்கக் கூடாது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் தலையணை நனைந்துபோயிற்று.

ரவி (9.14): நானும் போன மாதம் தொடங்கினேன் மச்சாள். எவ்வளவு நேரம் பார்த்தும் ஒரு கொலை இல்லை. வக்கீல் ஒருவன் வியர்க்கிறான், பிறகும் வியர்க்கிறான், மறுகாவும் வியர்க்கிறான். கச்சான் பக்கட் முடிந்ததும் படுத்துவிட்டேன்.

கபில் (9.15): வெளியே வெக்கையான கச்சான் காற்று, உள்ளே கச்சான் கடலை பக்கட் 😂

சுதா (9.19): அந்த வியர்வைதான் மச்சான் கதையே. புளோரிடாவில் வெயில் கொளுத்துகிற நாட்கள். ஊரே எரிச்சலில் திரிகிறது. அப்படிப்பட்ட வெக்கையில் நல்ல மனுசனுக்கே புத்தி இளகும், இந்த வக்கீல் ஏற்கெனவே அரைகுறை. படத்தின் நாயகியைக் கண்ட உடனேயே ஆள் அம்பிட்டான் என்று நமக்கு விளங்கிவிடுகிறது. அவனுக்கு எப்போது விளங்கும் என்றுதான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

அம்மா (9.20): சின்னப் பிள்ளைகளும் இருக்கிற குழு இது. என்ன படம் கதைக்கிறாய்?

சுதா (9.21): கதிரையைத் தூக்கி எறிந்து கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு போகிறான் அம்மா. அதற்குப் பிறகு நானும் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பார்த்தேன். 🙈

கபில் (9.23): அக்கா, ஒரு பகிடி. அதை எடுத்த நாட்களில் அங்கே நல்ல குளிராம். வாயால் புகை வரக் கூடாது என்று ஐஸ் கட்டியை வாயில் வைத்திருந்துவிட்டு வசனம் பேசினார்களாம். வியர்வை எல்லாம் தெளித்த தண்ணீர்.

ரவி (9.23): அப்போ வியர்வையும் பொய்யா!

சுதா (9.26): பொய்யாக இருக்கட்டும், எனக்கு வியர்த்தது உண்மை. அந்த நாயகியாக வருகிற காத்லீன் டர்னருக்கு அதுதான் முதல் படம், சொன்னால் நம்பமாட்டீங்க. அவசரமே படமாட்டாள். அவள் நினைத்ததை எல்லாம் தன்னுடைய யோசனை என்று எண்ணி அவன் செய்கிறான், கொலை உட்பட. அவன் ஒரு காலத்தில் உயில் எழுதுவதில் விட்ட பிழை ஒன்று இருக்கிறது, அது திரும்பி வருகிற இடம்... சரி, அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

சின்னமாமா (9.38): இப்போதான் பார்த்தேன். இது பழைய சரக்கு, பிள்ளைகள். 1944இல் பில்லி வைல்டர் எடுத்த 'டபுள் இண்டெம்னிட்டி'யைப் பாருங்கள். இன்சூரன்ஸில் வேலை செய்தவன் எனக்கு அது சாமி படம் மாதிரி. விபத்தில் செத்தால் இரட்டிப்புக் காசு. அந்த ஒரு வரிக்காக ஏஜென்டும் அவனோடு பழகிய ஒருத்தியும் சேர்ந்து அவளுடைய புருசனை முடிக்கிறார்கள், ரயிலில் இருந்து விழுந்த மாதிரி.

சின்னமாமா (9.41): எனக்குப் பிடித்த ஆள் கிளைம் பார்க்கிற மனுசன். அடிதடி இல்லை, துரத்தல் இல்லை. கால் முறிந்த புருசன் அதற்கு ஏன் கிளைம் போடவில்லை என்று யோசிக்கிறான் பாருங்கள், நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். ஒருவேளை பொலிசி இருப்பதே அவனுக்குத் தெரியாதோ? இதைப் போலக் கேள்விகளைக் கேட்டுத்தான் நானும் தலை நரைத்தேன்.

மது (9.42): உண்மையில் நடந்ததா மாமா?

சின்னமாமா (9.45): 1927இல் நியூயோர்க்கில் ரூத் ஸ்னைடர் என்றவள் காதலனோடு சேர்ந்து புருசனைக் கொன்றாள். அங்கேயும் பொலிசிதான். அடுத்த வருசம் இரண்டு பேருக்கும் மின்சாரக் கதிரை. அந்த வழக்கை மனதில் வைத்து ஜேம்ஸ் எம். கெய்ன் கதை எழுதினார்.

மது (9.47): யூடியூபில் தொடக்கம் மட்டும் பார்த்தேன். நான்தான் கொன்றேன் என்று அந்த ஏஜென்டே முதலில் சொல்லிவிடுகிறானே! மறுகா எதற்கு இரண்டு மணித்தியாலம் இருக்கிறது?

ரவி (9.47): அதைத்தான் நானும் கேட்கிறேன்.

பெரியம்மா (10.05): நான் செட்டிபாளையம் கண்ணகி அம்மன் கோயிலில் இருக்கிறேன். கதவு திறந்து, கண்ணகி கதையான வழக்குரை படிக்கிறார்கள். கோவலன் வெட்டுப்படுவான் என்று தெரியாமலா மனே இவ்வளவு சனம் இங்கே? வருசா வருசம் அதே சிலம்புதான். "இங்கேயே இருங்கள்" என்று அவனை இருத்திவிட்டுப் பொற்கொல்லன் அரண்மனைக்குப் போகிற இடத்தில் என் பக்கத்தில் இருந்த கிழவி விசிறியை நிறுத்திவிட்டாள். எழும்பி ஓடுடா என்று வாய்வரை வந்தது எனக்கு.

சுதா (10.06): பெரியம்மா ❤️❤️ அதேதான்!

சின்னமாமா (10.09): அக்கா சொன்னதும் ஞாபகம் வருகிறது. 'டபுள் இண்டெம்னிட்டி'யிலும் அந்தப் பெண்சாதி படியிறங்கும்போது கமரா பிடிப்பது காலில் கிடக்கிற கொலுசைத்தான். அந்த நாளில் ஹொலிவூட்டில் 1934இல் இருந்து கடும் கட்டுப்பாடு இருந்தது, படுக்கையைக் காட்ட ஏலாது. கொலுசு, சிகரெட், சுவரில் விழுகிற ஜன்னல் நிழல், இதை வைத்தே சூடு ஏற்றினார்கள்.

அம்மா (10.10): மோட்டாரை நிற்பாட்டினது யார்? தாங்கி நிரம்பி ஊற்றுகிறது என்று கத்தினேனே.

கபில் (10.10): நான்தான் அம்மா, நிற்பாட்டிவிட்டேன்.

ரவி (10.14): சரி, இன்னொருக்கால் போடுகிறேன். லைட்டை அணைத்துவிட்டு, போனைத் தூர வைத்துவிட்டு.

ரவி (11.02): இன்னும் ஒருத்தரும் சாகவில்லை. ஆனால் படுக்க மனம் வரவில்லை. முடிவை ஒருத்தரும் சொல்லக் கூடாது!

சுதா (11.02): போனைத் தூர வைத்த லட்சணம் 😄

பெரியம்மா (11.20): இங்கே இப்போதான் வெட்டினார்கள். உன்ட ஆள் இன்னும் இருக்கிறானா?