புதுப்பிப்பு: த்ரீ குஷனுக்கும் பால்க்லைனுக்கும் ஒரே ஷாஃப்ட் போதுமா?

குழியில்லா மேசையில் மூன்று பந்துகளுடன் ஆடும் பில்லியர்ட்ஸின் இவ்விரண்டு வகைகளுக்கும் ஒரே ஷாஃப்ட் (அடிக்கும் கோலின் மெல்லிய முன்பாதி) போதுமா என்று முன்பு இத்திரியில் கேட்டிருந்தேன். இரண்டையும் ஆடிப் பார்த்தபின், தனித்தனியாக வைத்துக்கொள்வதே நல்லது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

த்ரீ குஷனில், அடிக்கும் பந்து மற்ற இரண்டில் கடைசிப் பந்தைத் தொடும் முன் குறைந்தது மூன்று முறை குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) பட வேண்டும். 61.5 மி.மீ. விட்டமும் 200 கிராமுக்கு மேல் எடையும் கொண்ட பந்தை, பக்கச்சுழலுடன் அவ்வளவு தூரம் ஓட்ட வேண்டியிருப்பதால், அடியிலிருந்து நுனிவரை சீராகக் கூம்பி வரும், வளையாத, 12 மி.மீ. டிப் (பந்தைத் தொடும் நுனி) உள்ள ஷாஃப்ட் கைக்கு உறுதியாக அமைகிறது.

பால்க்லைனில் நிலைமை வேறு. மேசையைக் கோடுகளால் கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். 47/2 ஆட்டத்தில் (குஷனிலிருந்து 47 செ.மீ. தள்ளிக் கோடுகள், 2 என்பது புள்ளி வரம்பு) ஒரு கட்டத்துக்குள் இரண்டாவது புள்ளி எடுக்கும்போதே ஒரு பந்தையாவது வெளியேற்ற வேண்டும் என்பதால், பந்துகளை அருகருகே வைத்துக்கொண்டு மிக மென்மையாகத் தட்டும் வேலையே அதிகம். அதற்கு 11 மி.மீ. டிப் உள்ள மெல்லிய ஷாஃப்டில் தொடுபுள்ளி தெளிவாகத் தெரிகிறது. (கோலைக் கிட்டத்தட்டச் செங்குத்தாகப் பிடித்துப் பந்தை வளைந்தோடச் செய்யும் மஸ்ஸே அடிக்குத் தனிக்கோலே உண்டு, அது வேறு செலவு.)

வாங்குவோர், ஷாஃப்டைக் கோலின் பின்பாதியுடன் சேர்க்கும் இணைப்புத் திருகை முதலில் பார்க்கவும். மரத்திருகும் உலோகத்திருகும் ஒன்றுக்கொன்று பொருந்தா.