கல்லூரி ஏடி சர்வரை மைக்ரோசாஃப்ட் 365-ஓட இணைக்கலாமா, ஏடியையே மூட்டை கட்டிடலாமா?

அரசலாறு_அட்மின்

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரி, அதே வளாகத்துல ஒரு பாலிடெக்னிக். ரெண்டுக்கும் நான்தான் சிஸ்டம் அட்மின். ஆசிரியர், ஆபீஸ் எல்லாம் சேர்த்து 220 பேர். ஆபீஸ் பிசி, லேப் எல்லாம் ஏடி (ஆக்டிவ் டைரக்டரி, கல்லூரி சர்வர்லயே இருக்கற பயனர், பாஸ்வேர்ட் பட்டியல்) டொமைன்ல இருக்கு. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. டொமைன் பேர் டாட் லோக்கல்னு முடியும். கொரோனா நேரத்துல டீம்ஸ் வேணும்னு 365 வாங்கி, எக்செல் ஷீட்ல பேரைப் போட்டு அவசரமா கணக்கு உருவாக்கிட்டாங்க. இப்ப ஆளுக்கு ரெண்டு பாஸ்வேர்ட். காலையில வர்ற முதல் போனே "மெயில் பாஸ்வேர்டா, சிஸ்டம் பாஸ்வேர்டா சார்?"தான்.

செயலாளர் "ரெண்டையும் ஒண்ணாக்குங்க"ன்னு சொல்லிட்டார். ஏடி கணக்குகளை 365-க்கு சிங்க் பண்ற என்ட்ரா கனெக்ட், அதாவது முன்னாடி அஸ்யூர் ஏடி கனெக்ட்னு இருந்ததே, அதைப் போடலாம்னு இருக்கேன். செமஸ்டர் லீவுக்குள்ள முடிக்கணும். போட்ட அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

மன்னை_மேகம்

போடாதீங்க சார்.

2012 ஆர்2-வுக்கு சப்போர்ட் 2023 அக்டோபர் 10-ஓட முடிஞ்சு போச்சு. கனெக்ட் இப்ப 2016-க்குக் கீழ உட்காராது. ஆக புது சர்வர், புது விண்டோஸ் லைசென்ஸ், ஆளுக்கொரு யூசர் லைசென்ஸ், யூபிஎஸ்சுக்கு பேட்டரி. எதுக்கு? என்னைக்கு இருந்தாலும் தூக்கிப் போடப்போற ஏடிக்கு உயிர் கொடுக்கறதுக்கு. மெயில் கிளவுட்ல இருக்கு, டீம்ஸ் கிளவுட்ல இருக்கு. ஃபைலையும் ஷேர்பாயிண்ட்ல ஏத்திட்டா சர்வருக்கு என்ன வேலை? பிசியை நேரா என்ட்ராவுல (365 கணக்குகள் இருக்கற கிளவுட் பட்டியல்) ஜாயின் பண்ணுங்க, இன்ட்யூன்ல (பிசியை கிளவுட்லேர்ந்தே நிர்வகிக்கற சேவை) பாலிசி போடுங்க, ஏடிக்கு ஒரு கும்பிடு போடுங்க. பாஸ்வேர்ட் தானா ஒண்ணாயிடும்.

சிங்க் போட்டா இதுக்கு நேரெதிர். கிளவுட்ல இருக்கற 220 பேருக்கும் அந்தப் பழைய சர்வர்தான் எஜமான். ஒருத்தரோட போன் நம்பரை மாத்தணும்னாகூட 365 அட்மின் பக்கத்துல மாத்த முடியாது, சர்வர்லதான் போய் மாத்தணும்.

திருவையாறு_நெட்

//ஏடிக்கு ஒரு கும்பிடு போடுங்க//

லேபுக்கு என்ன பண்றதுன்னு சொல்லாம விட்டுட்டீங்களே அண்ணே.

ஆபீஸ்ல ஒரு ஆளுக்கு ஒரு மெஷின். என்ட்ரா ஜாயின் பண்ணா முதல் லாகினுக்கு நெட் இருந்தா போதும், அப்புறம் மெஷினே ஞாபகம் வெச்சுக்கும். லேப் கதை வேற. இன்னைக்கு பி.காம் பையன் உட்கார்ந்த மெஷின்ல நாளைக்கு பி.எஸ்சி பொண்ணு உட்காரும். அந்த மெஷினுக்கு ஒவ்வொருத்தரும் புது ஆள், ஒவ்வொரு முதல் லாகினுக்கும் நெட் வேணும். ஐப்பசி மழையிலயும் சரி, ரோடு போடறவங்க ஜேசிபியை இறக்கினாலும் சரி, நம்ம பக்கம் ஃபைபர் என்ன பாடுபடும்னு உங்களுக்கே தெரியும். பிராக்டிகல் அன்னைக்கு லைன் போச்சுன்னா, வெளியிலேர்ந்து வந்த எக்ஸாமினர் முன்னாடி மொத்த பேட்ச்சும் கையைக் கட்டிட்டு நிக்கும். டிசி (டொமைன் கன்ட்ரோலர், ஏடி ஓடற சர்வர்) உள்ளூர்ல இருந்தா, அதுக்கும் சுவிட்ச்சுக்கும் கரண்ட் இருக்கற வரை லாகின் ஆகும். இன்ட்யூனும் சும்மா வர்றதில்ல.

அரசலாறு சார், நீங்க போடுங்க. கருவி என்னவோ நாலு தடவை நெக்ஸ்ட் அடிச்சா முடிஞ்சிடும். வேலை எல்லாம் அதுக்கு முன்னாடிதான். டாட் லோக்கல் வெளி உலகத்துக்குத் தெரியாத டொமைன். அப்படியே சிங்க் பண்ணா ஒவ்வொருத்தர் லாகின் பேருக்கும் பின்னாடி 'ஆன்மைக்ரோசாஃப்ட் டாட் காம்' வந்து ஒட்டிக்கும். முதல்ல ஏடியோட டொமைன்ஸ் அண்ட் டிரஸ்ட்ஸ்ல போய் கல்லூரியோட மெயில் டொமைனை யூபிஎன் (மெயில் முகவரி மாதிரி இருக்கற லாகின் பேர்) சஃபிக்ஸா சேர்த்து, எல்லாருக்கும் அதையே மாத்துங்க. டொமைன் பேரைத் தொட வேண்டியதில்லை, யாரும் பிசியைத் திரும்ப ஜாயின் பண்ண வேண்டியதில்லை.

அடுத்தது, கிளவுட்ல ஏற்கெனவே கணக்கு இருக்கு இல்லையா. ஏடில இருக்கற முதன்மை மெயில் முகவரியோ யூபிஎன்னோ கிளவுட்ல இருக்கறதோட அச்சா ஒத்துப்போனா, ரெண்டையும் ஒரே ஆள்னு சேர்த்துக்கும். இதுக்கு சாஃப்ட் மேட்ச்னு பேரு. ஒத்துப்போகலைன்னா அதே ஆசிரியருக்குப் புதுசா இன்னொரு கணக்கு உருவாகும், மெயில் எல்லாம் பழைய கணக்குலயே கிடக்கும். ஐடிஃபிக்ஸ்னு இலவசக் கருவி ஒண்ணு இருக்கு, அதை முதல்ல ஓட விடுங்க. டூப்ளிகேட், ஆகாத எழுத்து எல்லாத்தையும் காட்டிடும்.

மேட்ச் ஆன நிமிஷத்துலேர்ந்து ஏடில இருக்கறதுதான் செல்லும். ஏடில ஒரு கட்டம் காலியா இருந்தா கிளவுட்ல இருக்கற மதிப்பு அழியாது, ஆனா இனிமே அதை ஏடி வழியாத்தான் மாத்தலாம். அண்ணே சொன்னது அந்த அளவுக்கு உண்மைதான்.

பட்டுக்கோட்டை_பார்வை

நண்பர்கள் ஒன்றைத் தாண்டிப் போகிறீர்கள். கனெக்ட் போடும்போது பாஸ்வேர்ட் ஹாஷ் சிங்க் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் குறியான ஹாஷைக் கிளவுடுக்கு அனுப்பும் முறை) என்றுதான் முதலில் கேட்கும், பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். கல்லூரியில் உள்ள அத்தனை பேரின் பாஸ்வேர்ட் ஹாஷையும் எதற்காக வெளியே அனுப்ப வேண்டும்? பாஸ்-த்ரூ முறையைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு சரியா என்பதை உங்கள் டிசியே பார்த்துச் சொல்லும், ஹாஷ் வளாகத்தை விட்டு நகராது. ஃபயர்வாலில் உள்ளே வர எந்தக் கதவையும் திறக்க வேண்டாம், சர்வரில் போடும் ஏஜென்ட் என்ற சிறு நிரலே 443 போர்ட் வழியாக வெளியே பேசிக்கொள்ளும்.

நாகை_உப்புக்காற்று

ஒரே ரூம்ல ஒரே சர்வர் வெச்சிருக்கற கல்லூரிக்கு பாஸ்-த்ரூவா? மைக்ரோசாஃப்டே குறைஞ்சது மூணு ஏஜென்ட் போடச் சொல்லுது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறினப்ப நாங்க பாத்தோம். எங்க பக்கத்து கிராமங்கள்ல கரண்ட் திரும்ப வர வாரக்கணக்காச்சு. ஜெனரேட்டர் டீசலை மோட்டாருக்கும் செல்போன் சார்ஜுக்கும் ஊத்தினாங்க, சர்வருக்கு இல்ல. அப்படி ஒரு நாள்ல சர்வர் படுத்துச்சுன்னா, பாஸ்-த்ரூ போட்ட இடத்துல புதுசா யாரும் மெயிலுக்குள்ள நுழைய முடியாது. மெயில் கிளவுட்ல நல்லாத்தான் இருக்கும், கதவைத் திறக்கற ஆள்தான் இருட்டுல கிடப்பார். ஹாஷ் சிங்க்ல அந்தத் தொல்லை இல்ல. மதுரையில சொந்தக்காரங்க வீட்டுல உட்கார்ந்துகூட மெயில் பாக்கலாம்.

//பாஸ்வேர்ட் ஹாஷையும் எதற்காக வெளியே//

போறது ஏடில இருக்கற அதே ஹாஷ் இல்லீங்க. அந்த எம்டி4 ஹாஷை எடுத்து, ஆளுக்கொரு 10 பைட் சால்ட் (ஆளுக்கு ஆள் மாறற கலவை) சேர்த்து, பிபிகேடிஎஃப்2-ங்கற கணக்கு முறையில 1000 சுற்று விட்டு, அதுல வர்றதைத்தான் அனுப்புது. அது யார் கையிலயாவது சிக்கினாலும் அதை வெச்சு உங்க லேபுக்குள்ள லாகின் பண்ண முடியாது.

பட்டுக்கோட்டை_பார்வை

1000 சுற்று என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். இதே முறைக்கு ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு இன்று 6 லட்சம் சுற்று பரிந்துரைக்கிறது.

கஜா சொன்னீர்கள், மறுக்கவில்லை. ஆனால் தினப்படி நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரிகளில் கெஸ்ட் லெக்சரர் எத்தனை பேர்? அவர்களுக்கு ஏடியில் கணக்கு முடியும் தேதி போட்டு வைப்பது வழக்கம், ஏப்ரல் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி கிளவுடுக்கு சிங்க் ஆகாது. மே மாதத்தில் லேப் பிசி அவரை உள்ளே விடாது. மெயிலும் டீம்ஸும் ஹாஷ் சிங்க்கில் தாராளமாகத் திறக்கும். இன்டர்னல் மார்க் உள்ள ஃபோல்டரும் திறக்கும். பாஸ்-த்ரூவில் டிசியிடமே கேட்பதால் அன்றைக்கே கதவு மூடும்.

நாகை_உப்புக்காற்று

கெஸ்ட் லெக்சரர் விஷயம் நியாயமான பாயிண்ட், ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு பாஸ்-த்ரூ மருந்து இல்ல. தேதி முடிஞ்ச கணக்கைத் தேடி டிசேபிள் பண்ற ஒரு சின்ன பவர்ஷெல் ஸ்கிரிப்டை ராத்திரி ஓட விடுங்க. டிசேபிள் ஆனது சிங்க்ல போகும், கனெக்ட்ல 30 நிமிஷத்துக்கு ஒரு சுத்து.

சுற்று கணக்கு பாக்கறதுக்கு பதிலா எல்லாருக்கும் எம்எஃப்ஏ (பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பு) போடுங்க. இங்க பாஸ்வேர்ட் போறது ஹாஷை உடைச்சு இல்ல, மானிட்டர்ல ஒட்டின மஞ்சச் சீட்டுலேர்ந்து.

குடவாசல்_குமிழ்

பாஸ்வேர்டைப் பத்தியே அடிச்சுக்கறீங்க. எனக்குப் பயம் வேற இடத்துல.

ஒரு பள்ளி அறக்கட்டளைக்கு நெட்வொர்க் வேலைக்குப் போயிருந்தேன், பேர் வேண்டாம். சிங்க் போட்டு நல்லா ஓடிட்டிருந்துது. புதுசா வந்த தம்பி ஏடியை ஒழுங்குபடுத்தறேன்னு 'டீச்சர்ஸ்'னு புது ஓயூ (ஏடிக்குள்ள கணக்குகளைப் பிரிச்சு வெக்கற ஃபோல்டர் மாதிரி) திறந்து, பழைய ஓயூவுலேர்ந்து அத்தனை பேரையும் இழுத்து அதுல போட்டுட்டார். சிங்க் பழைய ஓயூவை மட்டும் பாக்கற மாதிரி வடிகட்டி வெச்சிருந்தது. கருவிக்கு என்ன தெரியும்? பாக்கற இடத்துல ஆள் இல்லைன்னா போயிட்டாங்கன்னு அர்த்தம். அடுத்த சுத்துல கிளவுட்ல அத்தனை பேரும் டெலீட். ஹெட்மாஸ்டர் ஆன்லைன் கூட்டத்துல பேசிட்டிருந்தவர், மெயிலைத் திறக்கப் போனா கணக்கே இல்லைங்குது.

மொத்தமா டெலீட் ஆகாம தடுக்கற பூட்டு கனெக்ட்ல தானாவே இருக்கு. ஆனா அது 500-ல வெச்சு வருது. 500-க்கு மேல அழியப்போனாத்தான் நிக்கும். அந்தப் பள்ளியில மொத்த ஆளே அவ்வளவு இல்ல. நம்ம அரசலாறு சார்கிட்ட 220 பேர். அவர் கல்லூரியே காலியானாலும் அந்தப் பூட்டு வாயைத் திறக்காது. போட்ட அன்னைக்கே அதை 10-க்கோ 15-க்கோ இறக்கிடுங்க.

அழிஞ்சது 30 நாள் வரைக்கும் திரும்ப எடுக்கற நிலையில இருக்கும். ஓயூவையும் சேர்த்து டிக் பண்ணதும் அவங்களுக்கு எல்லாம் வந்துடுச்சு. ஆனா அன்னைக்கு மதியம் வரைக்கும் அந்தத் தம்பி முகத்தைப் பாக்க முடியல.

அப்புறம், கனெக்டுக்கு பதிலா மைக்ரோசாஃப்டோட இன்னொரு சிங்க் கருவியான கிளவுட் சிங்க்கைப் பாருங்க. 2016-ஓ அதுக்கு மேலயோ ஒரு சர்வர்ல சின்ன ஏஜென்ட், அவ்வளவுதான். செட்டிங் எல்லாம் கிளவுட்லயே இருக்கும். சர்வர் செத்தா வேற சர்வர்ல ஏஜென்ட்டைப் போட்டு வேலையைப் பாக்கலாம், ரெண்டு ஏஜென்ட் ஒரே நேரத்துல ஓடவும் விடலாம். பாஸ்-த்ரூ அதுல கிடையாது, டிவைஸ் சிங்க்கும் கிடையாது. இவருக்கு ரெண்டும் தேவைப்படற மாதிரி தெரியல. அந்த டெலீட் பூட்டு அதுலயும் இருக்கு, அதையும் இறக்கத்தான் வேணும்.

மன்னை_மேகம்

குடவாசல் சொன்னதைத்தான் நான் முதல்லேர்ந்து சொல்றேன்! ஒருத்தர் ஓயூவை இழுத்ததுக்கு ஊரே மெயில் இல்லாம நின்னுது. ரெண்டு இடத்தைக் கட்டிப் போட்டா ஒண்ணுல நடக்கற கோளாறு ரெண்டையும் சாய்க்கும். மேலணையில கலங்கினா கடைமடைக்குத் தெளிவாவா வரும்?

அரசலாறு சார், ஒரு கேள்வி. உங்க ஏடில எத்தனை பேர் உண்மையிலயே இன்னும் வேலையில இருக்காங்க?

அரசலாறு_அட்மின்

நேத்து ராத்திரி உட்கார்ந்து பாத்தேன் சார். ரிட்டையர் ஆனவங்க கணக்கெல்லாம் அப்படியே உயிரோட இருக்கு. 'எக்ஸாம்1', 'எக்ஸாம்2'ன்னு யாருதுன்னே தெரியாத பொதுக் கணக்கும் இருக்கு. யாராவது வேலையை விட்டா ஆபீஸ்லேர்ந்து எனக்குத் தகவல் வர்றதில்ல. கேன்டீன்ல பேசிக்கறதை வெச்சுத்தான் தெரிஞ்சுக்கறேன்.

லேபை விட முடியாது, அதனால ஏடி இருக்கும். கிளவுட் சிங்க், ஹாஷ் முறை, ஸ்டாஃப் ஓயூ மட்டும். மாணவர் கணக்கு கிளவுடுக்கே போகாது. சர்வர் 2022 ஒண்ணுக்கு கொட்டேஷன் கேட்டிருக்கேன். ரிலீவிங் ஆர்டர்ல என் கையெழுத்தும் இல்லாம செட்டில்மென்ட் போகக்கூடாதுன்னு செயலாளர்கிட்ட கேட்கப் போறேன்.

ஒரு சந்தேகம். 365-ல குளோபல் அட்மின் (எல்லா அதிகாரமும் இருக்கற கணக்கு) என் மெயில் கணக்குதான். ஏடிலயும் அதே முகவரி. மேட்ச் ஆகுமா?

திருவையாறு_நெட்

ஆகாது, ஆகவும் கூடாது. அட்மின் ரோல் இருக்கற கிளவுட் கணக்கோட சாஃப்ட் மேட்ச் பண்ண விடமாட்டாங்க. விட்டா ஏடியைக் கைப்பத்தினவன் கிளவுடையும் சேர்த்துக் கைப்பத்திடுவான். ஆன்மைக்ரோசாஃப்ட் முகவரியில கிளவுட்ல மட்டும் இருக்கற ரெண்டு அட்மின் கணக்கு தனியா உருவாக்குங்க. ஒண்ணோட பாஸ்வேர்டு உங்ககிட்ட, இன்னொண்ணு சீல் வெச்ச கவர்ல முதல்வர் பீரோவுல. அதுக்கப்புறம் உங்க மெயில் கணக்குலேர்ந்து ரோலை எடுத்துட்டு சிங்க்கை ஓட விடுங்க, சாதாரண ஆசிரியர் மாதிரி மேட்ச் ஆயிடும்.

முதல் நாளே மொத்த ஓயூவையும் விடாதீங்க. ஆபீஸ்ல ரெண்டு கிளார்க், ஒரு லேப் அசிஸ்டென்ட், அவ்வளவு பேருக்கு மட்டும் விட்டுப் பாருங்க. மேட்ச் ஆனதும் அவங்க மெயில் பாஸ்வேர்ட் சிஸ்டம் பாஸ்வேர்டா மாறிடும், அதை முன்னாடியே சொல்லி வையுங்க. இல்லைன்னா மறுபடி அதே போன்தான்.

பட்டுக்கோட்டை_பார்வை

பாஸ்வேர்டு மறந்தவர் கிளவுடில் தானே மாற்றிக்கொண்டால் அது ஏடிக்குத் திரும்பி வர ரைட்பேக் வேண்டும், அதற்கு என்ட்ரா பி1 லைசென்ஸ் வேண்டும். உங்கள் 365 திட்டத்தில் அது இருக்கிறதா என்று சர்வர் கொட்டேஷனோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஹாஷ் முறை எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

மன்னை_மேகம்

லேபுக்காக ஏடி, சரி. ஆனா அந்த கொட்டேஷன்ல ஆபீஸ் பிசிக்கும் சேர்த்து லைசென்ஸ் வாங்காதீங்க. ஆபீஸ் மெஷின் பத்தை என்ட்ராவுல ஜாயின் பண்ணி ஒரு செமஸ்டர் ஓட்டிப் பாருங்க. பின்னாடி சிங்க்கே வேண்டாம்னு முடிவெடுத்தா, மொத்தமா நிறுத்தி எல்லாரும் கிளவுட் கணக்கா மாற 72 மணி நேரம் வரைக்கும் ஆகலாம். அதை அட்மிஷன் சமயத்துல மட்டும் செஞ்சுடாதீங்க.